பதினாறு எண்ணுவதற்குள்

டார்பெல் கார்னர் டவுன் ஹாலில் மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் காண்ட்ரா ஆட்டம், ஜோடி ஜோடியாக நீள வரிசையில் நின்று ஆடுகிற நாட்டுப்புற நடனம். ஆட்டம் தொடங்குவது இரண்டு மணிக்கு. ஹாலிஸ் டர்ஜின் ஒன்றேகாலுக்கே வந்துவிட்டார். மார்ச் மாதச் சேற்றில் ஊறிய பூட்ஸை வாசலில் கழற்றினார், ஆட்டத்துக்கென்றே வைத்திருந்த மெல்லிய தோல் ஷூவை மாட்டினார், பலகைத் தரையில் தனியாக இரண்டு சுற்றுச் சுற்றி வழுக்குகிறதா என்று பார்த்தார். பிறகு தீனி வைக்கிற மேசைக்குப் போய்த் தன் கையேட்டை அடுக்க ஆரம்பித்தார்.

பதினோரு பக்கக் கையேடு. 'பேலன்ஸிலிருந்து ஸ்விங்குக்கு: தடங்கலில்லாத வழி' என்று தலைப்பு. எழுத்து, படம், அம்புக்குறி எல்லாம் அவர் கைவண்ணமே. ஊர்க்காரர்கள் அதன் மேல் பூசணி கேக்கை வைத்துத் தின்றுவிட்டு, துணுக்கு சிந்தாமல் மடித்துக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். கையேடு மாதாமாதம் தீர்ந்துபோகிறதே என்று ஹாலிஸுக்குப் பெருமை தாங்காது. அடுத்த தடவை பத்துப் பிரதி கூட எடுத்து வருவார்.

அவர் அந்த ஊர்ப் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருஷம் வாயைத் திறந்தபடி படுத்துக் கிடந்தவர்களிடம் பேசிப் பேசிப் பழகிய மனுஷன். யாரும் பதில் சொல்ல முடியாத இடத்தில் அவ்வளவு காலம் பேசினால், சொன்னதையெல்லாம் உலகம் ஒப்புக்கொண்டது என்றுதான் தோன்றும். ஆட்டத் தரையிலும் அவருக்கு அதே நம்பிக்கைதான்.

இந்த பேலன்ஸ், ஸ்விங் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி கிட்டே வந்து ஒரு அடி விலக வேண்டும். அது பேலன்ஸ், நாலு எண்ணிக்கை. விலகும்போது கையில் ஏறுகிற இழுப்பிலேயே மறுபடி உள்ளே வந்து, முதுகில் கை போட்டுப் பிடித்து, நின்ற இடத்திலேயே பன்னிரண்டு எண்ணிக்கை சுற்ற வேண்டும். அது ஸ்விங். பதினாறாவது எண்ணிக்கையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கம் நின்று, வரிசையின் உள்பக்கம் பார்த்து, அடுத்தவர் பிடிக்கக் கையை நீட்டியிருக்க வேண்டும். பதினேழு ஆனால் போச்சு. ஒருத்தர் பிந்தினால் நாலு பேர் பிந்துவார்கள், நாலு பேர் பிந்தினால் வரிசை கந்தல்.

டார்பெல் கார்னரில் பதினாறுக்குத் தவறாமல் வந்து நிற்கிறவர் ஒரே ஒருவர்தான் என்பது ஹாலிஸின் முடிவு. அது யார் என்று வேறு கேட்க வேண்டுமா?

மற்றவர்கள்மேல் அவருக்கு இரக்கம். அதனால் ஸ்விங்கில் யார் கைக்கு வந்தாலும் பன்னிரண்டு எண்ணிக்கையும் பாடம் நடக்கும். "தோளை இறக்குங்க. இழுக்காதீங்க. ஏன் தரையைப் பாக்கறீங்க, தரையிலயா நான் இருக்கேன்?" காண்ட்ராவில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு துணைதான் என்றாலும், சுற்றுக்குச் சுற்று ஜோடிகள் நகர்ந்துகொண்டே இருப்பதால் வரிசையிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் முறைவைத்து அவர் கைக்கு வந்தே தீர வேண்டும். ஓடி ஒளிய வழியில்லை.

இன்றைக்கு அவர் இவ்வளவு சீக்கிரம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஏரிக்கரையில் இலையுதிர்காலத்தில் மூன்று நாள் ஆட்ட முகாம் நடக்கும். ஆறு மாநிலத்திலிருந்து முந்நூறு பேர் வருவார்கள். அதில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மணி நேர வகுப்பு. பேலன்ஸிலிருந்து ஸ்விங்குக்குத் தடங்கலில்லாமல் போவது எப்படி என்பதுதான் பாடம். ஹாலிஸ் ஏழு வருஷமாக அந்த ஒரு மணி நேரத்துக்கு விண்ணப்பம் போட்டு, ஏழு வருஷமும் 'நன்றி, அடுத்த முறை பார்க்கலாம்' என்று பதில் வாங்கியவர். அந்தக் கடிதம் வரும் வாரத்தில் அவர் வீட்டில் யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். எட்டாம் வருஷமான இந்த முறை, முகாமை நடத்துகிற கொரின் திபோடோ மெய்ன் மாநிலத்திலிருந்து தானே காரோட்டி வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாள். ஹாலிஸுக்கு அறுபத்தெட்டு வயது. இதை விட்டால் இனிக் கிடைக்காது என்று அவருக்கே தெரியும். மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை.

ஒன்றரை மணிக்கு மேல் கூட்டம் வர ஆரம்பித்தது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ மாற்றிக்கொண்டிருந்த பெண்களிடம் ஹாலிஸ் போய் நின்றார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பியூலா, தபால் நிலைய வில்மா, ஹாலிஸின் மனைவி ஏவிஸ் எல்லாரும் இருந்தார்கள்.

"ஒரு நிமிஷம் கேளுங்க. இன்னைக்கு யார் வர்றாங்கன்னு தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர். மூணு வாரமா அதைத்தானே சொல்லிட்டிருக்கீங்க," என்றாள் பியூலா.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நான் எழுதின மாதிரி ஆடுங்க. நாலாம் பக்கம். 'துணையாக ஆடுபவர் உதவி செய்யக் கூடாது. உதவி என்பது இடையூறு. கை சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.' புரியுதா? நான் சுத்தும்போது நீங்க எதையாவது பண்ணித் தொலைக்கறீங்க. பின்னாடி சாயறீங்க, தோளைத் திருப்பறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. ஒண்ணும் பண்ணாதீங்க. என்கிட்ட விட்டுடுங்க."

வில்மா ஷூ நாடாவை முடிந்தபடியே பியூலாவைப் பார்த்தாள். பியூலா கூரையைப் பார்த்தாள்.

"நிச்சயமாத்தான் சொல்றியா, ஹாலிஸ்?" என்று ஏவிஸ் மட்டும் கேட்டாள்.

"முக்கியமா உனக்குத்தான் சொல்றேன். நீதான் மோசம்."

ஏவிஸ் முகத்தில் ஏதோ வந்து போனது. "சரி," என்றாள்.

"உங்க இஷ்டம் டாக்டர். ஒண்ணும் பண்ண மாட்டோம். சத்தியம்," என்றாள் பியூலா. ஹாலிஸ் அந்தப் பக்கம் போனதும் பெண்கள் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

கொரின் வந்தாள். குட்டையான, நரைத்த பின்னல் போட்ட பெண். யாரிடமும் பெரிதாகப் பேசாமல் மேடையின் ஓரத்தில், பிடில்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஹாலிஸ் கையேடு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். "ஓ, நன்றி," என்று வாங்கி மடியில் வைத்தவள் பிரித்துப் பார்க்கவில்லை. போகட்டும், கண்ணால் பார்க்கப் போகிறாளே என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

முதல் ஆட்டத்துக்கு பியூலாவைத் துணையாகக் கேட்டார். மரம் அறுக்கிற ஆர்வில் என்பவர் ஏவிஸைத் துணையாகக் கூட்டிக்கொண்டு போனார். ஆர்வில் நல்ல கட்டுமஸ்தான ஆள். ஒரு மதியம் முழுக்க ஆடினாலும் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். ஹாலில் ஜோடிகளாக இரண்டு வரிசை நின்றது, இரண்டும் தனித்தனி ஆட்டம். அடுத்தடுத்த அசைவைக் கூவிச் சொல்கிற லைமன் மைக்கைப் பிடித்து ஒருமுறை நடத்திக் காட்டினார்: எதிர் ஜோடியோடு பேலன்ஸ், ஸ்விங்; நாலு பேராக வட்டம்; அப்புறம் சொந்தத் துணையோடு பேலன்ஸ், ஸ்விங்; அடுத்த ஜோடிக்கு நகர வேண்டியது. பிடிலும் பியானோவும் பிடித்துக்கொண்டன.

முதலில் வந்தது வில்மா. ஹாலிஸ் கம்பீரமாக பேலன்ஸ் வைத்தார். நாலாவது எண்ணிக்கையில் வழக்கம்போல் அவளை வெடுக்கென்று இழுத்தார். அந்த இழுப்புக்கு வில்மா இத்தனை வருஷமாகக் காலை ஊன்றித் தாக்குப்பிடித்து மெதுவாக உள்ளே வருவாள். இன்று ஒன்றும் பண்ணவில்லை. துணிமூட்டை மாதிரி வந்து அவர் நெஞ்சில் மோதினாள். ஹாலிஸுக்கு மூச்சு ஒரு தடவை நின்று வந்தது. சமாளித்துச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றினார், சுற்றினார், சுகமாகச் சுற்றினார். நின்று பார்த்தால் எதிரே சுவர். அதில் 1911-ம் வருஷத்துத் தீயணைப்புப் படையின் படம் மாட்டியிருந்தது. முதுகுக்குப் பின்னால் வட்டம் அவர் இல்லாமலே பாதி போயிருந்தது.

"எங்க பாத்துக்கிட்டிருந்தீங்க?" என்று வில்மாவை அதட்டினார்.

"உங்க கையை, டாக்டர். அது சொல்லும்னு காத்துக்கிட்டிருந்தேன். சொல்லவே இல்லையே!"

தட்டுத் தடுமாறி வட்டத்தில் சேர்ந்தார். பியூலாவோடு ஸ்விங். அவளும் ஒன்றும் பண்ணவில்லை. இருபது குழந்தைகள் அடித்துக்கொண்டாலும் அசராமல் பேருந்து ஓட்டுகிற முகத்தோடு, அவர் இழுத்த இழுப்புக்கெல்லாம் போனாள். இந்த முறை மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொரின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'இதுகளுக்கு என்ன வந்தது இன்னிக்கு?' என்று முனகிக்கொண்டார். அடுத்து வந்தவள் கல்லூரியில் படிக்கிற பெண். அவளோடு பதினேழைத் தாண்டிப் பதினெட்டில் நின்றார். நின்றபோது அவள் இடப்பக்கம் இருந்தாள், வலப்பக்கம் இருக்க வேண்டியவள். "ஸாரி, நாலாம் பக்கம்," என்று அவள் சொல்லிவிட்டுத் தன் துணையைத் தேடி ஓடினாள். பின்னால் வரிசையில் இரண்டு இடத்தில் இடி, ஒரு இடத்தில் கால் மிதி. லைமன் மைக்கில், "பரவாயில்ல, பரவாயில்ல, இங்கேருந்து சேந்துக்கோங்க," என்று காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாக ஏவிஸ் வந்தாள்.

ஹாலிஸுக்கு உயிர் வந்தது. இவளோடு ஆடினால் எப்போதும் வெண்ணெயில் கத்தி. இதில் காட்டிவிடலாம் என்று இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிச் சுற்றினார். ஏவிஸ் கண் நேரே அவர் முகத்தைப் பார்த்தது. அவள் கை அவர் தோளில் பூப்போல் கிடந்தது. பின்னால் சாயவில்லை, காலை ஊன்றவில்லை, சொன்ன சொல் காப்பாற்றினாள். அப்போதுதான் ஹாலிஸுக்குத் தன் சுற்றலின் வேகம் தன்மேலேயே விழுந்தது. எங்கே நிறுத்துவது, எதைப் பிடித்து நிறுத்துவது, ஒன்றும் புரியவில்லை. ஹால் சுற்றியது, விளக்கு சுற்றியது. ஏவிஸ் கையை விட்டு நழுவினார், நாலெட்டுத் தள்ளிப் போய் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். யாரோ அந்தக் கையை 'லபக்'கென்று பிடித்தார்கள்.

அது அடுத்த வரிசை.

காண்ட்ரா ஆடுகிறவர்களுக்கு நீட்டிய கையைப் பிடித்தே பழக்கம். யார் கை என்று பார்க்க நேரம் கிடையாது. நாலு பேர் வட்டத்தில் ஐந்தாவது ஆளாக ஹாலிஸ் ஒரு சுற்றுச் சுற்றினார். அதற்குள் அவர்கள் எண்ணிப் பார்த்து, "ஐயா, நீங்க யாரு?" என்றார்கள். ஸ்விங் வந்ததும் ஜோடி ஜோடியாகப் பிரிந்துபோனார்கள். ஹாலிஸ் இரண்டு வரிசைக்கும் நடுவே கூட்டத்தில் தொலைந்த பிள்ளையாட்டம் நின்றார்.

திரும்பித் தன் வரிசையைப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம்.

ஆள் குறைந்தால் ஆட்டத்தை நிறுத்துகிற வழக்கம் அங்கே இல்லை. காணாமல் போனவர் இடத்தைக் காலியாக விட்டு, அவர் இருப்பதாகவே நினைத்து ஆடுவார்கள். 'பேயோடு ஆடுவது' என்று அதற்குப் பெயர். பியூலா அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தாள். வெறும் காற்றுக்குக் கைகொடுத்து பேலன்ஸ் வைத்தாள். வெறும் காற்றை அணைத்துக்கொண்டு பன்னிரண்டு எண்ணிக்கை சுற்றினாள். பதினாறாவதில் அவளும் அந்தக் காற்றும் அச்சுப் பிசகாமல் வந்து நின்றார்கள். அடுத்த ஜோடி, அடுத்த ஜோடி என்று வரிசை எண்ணெய் போட்ட மாதிரி நகர ஆரம்பித்தது. பின்னால் இடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். லைமன் சொல்வதையே நிறுத்திவிட்டார், அவ்வளவு சுத்தமாகப் போனது ஆட்டம். இந்த ஹாலில் இத்தனை வருஷத்தில் ஹாலிஸ் டர்ஜின் ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் அதுதான், அதில் அவர் இல்லை.

மேடை ஓரத்தில் கொரின் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் ஹாலிஸ் சொல்வதற்கு நிறையத் தயார் பண்ணி வைத்திருந்தார். பெண்களின் கவனக்குறைவு, பிடில்காரரின் அவசரம், தரையின் மெழுகு. ஆனால் தீனி மேசைக்குப் போனபோது கொரின் ஏற்கெனவே பியூலாவோடும் ஏவிஸோடும் நின்று, கையில் ஆப்பிள் சாற்றோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அந்த நாகரிகம்தான் இன்னும் வலித்தது.

"டாக்டர் டர்ஜின், ஒண்ணு கேக்கணும். இவங்க சொல்றது நெசமா? இத்தனை வருஷமா ஊரே சேந்து உங்களைக் கொண்டாந்து நிறுத்திக்கிட்டிருக்காமே?"

"யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்," என்றாள் பியூலா, கேக்கை மென்றபடி. "பதிமூணாவது எண்ணிக்கையில குதிகால ஊணணும், பதினாலுல உங்க தோளைத் தள்ளணும், பதினஞ்சுல அடுத்த கையைப் பிடிச்சு இழுத்துக்கணும். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் அந்த பெஞ்சுல வச்சே சொல்லிக் குடுத்துடுவோம். இல்லன்னா அதுங்க சுவத்துல போய் முட்டிக்கும்."

ஹாலிஸ் ஏவிஸ் பக்கம் திரும்பினார். "எத்தனை வருஷமா?"

"ஆட ஆரம்பிச்சதுலேருந்து. இருபத்தாறு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். ஒவ்வொரு தடவையும் 'தோளை இறக்கு'ன்ன."

கொரின் தொண்டையைச் செருமினாள். "எனக்கு நாளைக்குக் காலையில அறிவிப்பு அச்சுக்குப் போகணும். அந்த ஒரு மணி நேர வகுப்பை ஏவிஸும் பியூலாவும் எடுக்கறாங்க. பிந்தி வர்ற ஆளை நேரத்துக்குக் கொண்டாந்து சேக்கறது எப்படின்னு. இதை யாரும் இதுவரைக்கும் சொல்லிக் குடுத்ததில்ல, எல்லாருக்கும் தேவை. ஆனா செஞ்சு காட்ட ஒரு ஆள் வேணும். நல்லா ஆடறவங்க வேணும்னே தப்பா ஆடினா அது நடிப்புன்னு தெரிஞ்சுடும். நீங்க வந்தா நல்லாயிருக்கும். பேரும் போடறோம். யோசிச்சுச் சொல்லுங்க."

ஹாலிஸ் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவமானம் என்றால் அவ்வளவு அவமானம். இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கியவன் நான், என்னைக் காட்சிப் பொருளாகக் கூப்பிடுகிறாளே என்று வாய்விட்டே சொன்னார். மறுப்பதற்கு வாக்கியங்கள் தயார் பண்ணினார். 'மேடம், மரியாதைக்குரிய ஒரு...' என்று தொடங்கி, அதற்கு மேல் வராமல், மறுபடி தொடங்கி, ஷூவெல்லாம் சேறாக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவே நடந்தார். ஆட்டத்துக்கென்று வைத்திருந்த ஷூ அது என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. உள்ளே பிடில் மறுபடி தொடங்கியது.

வாக்கியம் ஒரு மாதிரி தேறியதும் கதவைத் திறந்தார். வரிசைகள் ஓடிக்கொண்டிருந்தன. கதவுக்குப் பக்கத்திலேயே ஏவிஸும் ஆர்விலும். இருவரும் பேலன்ஸ் வைத்தார்கள். அந்த விலகலிலேயே உள்ளே வந்தார்கள்; எங்கே அது முடிந்தது, எங்கே இது தொடங்கியது என்று பல் மருத்துவர் கண்ணுக்கே தெரியவில்லை. ஆர்வில் ஒன்றும் சொல்லவில்லை. ஏவிஸ் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, கண்ணை ஏறக்குறைய மூடிச் சிரித்துக்கொண்டே சுற்றினாள்.

இந்த முகத்தை ஹாலிஸ் பார்த்ததே இல்லை. அவரோடு சுற்றும்போது ஏவிஸின் முகம் வேறு. கண் அவர் மேலேயே நிலைத்து, உதடு லேசாக அசைந்துகொண்டிருக்கும். என்மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆர்வில் அவளை அலுங்காமல் கொண்டுவந்து நிறுத்தினார், அவள் கையை நீட்டினாள், யாரோ பிடித்துக்கொண்டார்கள். தன்னோடு ஆடும்போது அவள் உதடு ஏன் அசைந்தது என்று ஹாலிஸுக்கு இப்போதுதான் புரிந்தது. இருபத்தாறு வருஷமாக அவள் பிரியத்தோடு பார்க்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தயார் பண்ணிய வாக்கியம் மறந்துபோனது. சுவரோரமாகவே நடந்து மேடைக்குப் போனார்.

"யோசிச்சீங்களா?" என்றாள் கொரின்.

"வரேன்."

"நெஜமாவா? என்ன பண்ணணும்னு ஏவிஸ் உங்களுக்குச் சொல்லிடுவாங்க."

"சொல்ல வேண்டியதில்ல. எனக்குத் தெரியும்," என்றார் ஹாலிஸ். "எப்பவும் ஆடற மாதிரி ஆடணும்."

கொரின் தாளில் அவர் பெயரை எழுதிக்கொண்டு, எழுத்துக்கூட்டுச் சரியா என்று கேட்டாள். ஹாலிஸ் பார்த்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டினார்.